அண்ணி நேராக்கிய மூக்கு

அத்தியாயம் ஏழு

போன வாரம் அண்ணியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். மவுஸைப் பிடித்தால் கை நடுங்குவது நின்றுவிட்டது. அது நல்ல செய்தி. கை நடுங்காத தைரியத்தில் ஒரு காரியம் செய்துவிட்டாள். அதுதான் இந்த வாரச் செய்தி.

புதிதாக வந்து சேர்ந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அண்ணி என்றால், லிஃப்ட் பழுது பார்க்கும் நம் லிஃப்ட்காரரின் மனைவி. பாதி வாழ்க்கையை ஒரு கேக் கடையில் ஐசிங் தடவிக் கழித்தவள். கடை முதலாளி ஒருநாள் கடையை இழுத்து மூடிவிட்டு மகனோடு போய்ச் சேர்ந்துகொண்டார். வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பிடிக்காமல், அண்ணி நாத்தனாரின் ஃபோட்டோ கடைக்கு வந்து, "எனக்கும் இந்தப் படம் திருத்தற வேலையைக் கத்துக்கொடு" என்று கேட்டாள்.

நாத்தனாரின் செல்லப் பெயர் சிட்டு. கடை வாசலில் நின்றால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள். சின்ன வயதில் வைத்த பெயர். ஆள் வளர்ந்துவிட்டாள், பெயர் வளரவில்லை.

"ஒரு மாசம் பாக்கறேன் அண்ணி. சொந்தம்னு வேலை கொடுக்க மாட்டேன். சொந்தம்னு துரத்தவும் மாட்டேன்" என்றாள் சிட்டு.

அந்த மாதம் இன்றைக்கு முடிகிறது. கடையில் இருப்பது ஒரே ஒரு நல்ல நாற்காலி. படிப்பு முடித்த பெண் ஒருத்தி அந்த நாற்காலிக்காக இன்று சாயங்காலம் வருகிறாள். அவள் வந்து போன பிறகு முடிவு சொல்வதாகச் சிட்டு சொல்லியிருந்தாள்.

அண்ணிக்கு அந்த நாற்காலி வேண்டும். சம்பளத்துக்காக என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டாலும், உண்மை வேறு. கிழிந்து, கறை படிந்து, இனித் தேறாது என்று எல்லாரும் விட்டுவிட்ட ஒரு முகம் தன் கையில் மெதுவாகத் திரும்பி வரும்போது அவளுக்கு வருகிற சந்தோஷம், எந்தக் கேக்கும் கொடுக்காதது. கேக்கை வெட்டித் தின்றுவிடுவார்கள். இதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

ஆனால் கேக் கடைப் பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

சிட்டு லேயரைப் பற்றி விளக்கத் தொடங்கிய அன்றே அது தெரிந்துவிட்டது. அடியில் படம் இருக்கும், அதன் மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்று, திருத்தத்தை எல்லாம் மேல் தாளில்தான் செய்ய வேண்டும் என்று சிட்டு ஆரம்பிக்க, "புரியுது, கேக் மாதிரிதானே, அடுக்கடுக்கா" என்றாள் அண்ணி. சிட்டுவும் தலையாட்டிவிட்டாள். அங்கேதான் கோளாறு. ஐசிங் தடவிய பிறகு, தடவாத கேக்கைப் பத்திரமாக எடுத்து வைக்கிறவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. அண்ணியும் அப்படித்தான். அசல் படத்துக்கு ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்னால் சரி என்பாள். வேலை மும்முரத்தில் அதே படத்தின் மேலேயே தடவி, அதே பெயரில் சேவ் செய்துவிடுவாள்.

இன்னொன்று, மேடு பள்ளம் அவள் கண்ணுக்கு ஆகாது. முதல் வாரம் அவள் கையில் சிக்கிய ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கல்லூரிக்குப் போகிற பையனாக வெளியே வந்தார். அவருடைய மனைவி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆள் நல்லாத்தான் இருக்காரு. ஆனா நான் கட்டிக்கிட்டது இவரை இல்லையே" என்றாள்.

"தோலுன்னா துளை தெரியணும் அண்ணி. இது முகம், கிரீம் இல்ல" என்று சிட்டு தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அண்ணி கொஞ்சம் கொஞ்சமாகக் கையைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டாள். இப்போது ஒரு கிழிசலை எங்கே கிழிந்திருந்தது என்றே தெரியாமல் சேர்த்துவிடுவாள். சிட்டு வாயைத் திறந்து பாராட்டியதில்லை. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் அதுதான் பாராட்டு.

இன்று காலையில் சிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்புப் படம் எடுக்கப் போயிருந்தாள். கடையில் அண்ணி மட்டும். முதல் வாடிக்கையாளராகப் பாட்டு டீச்சர் வந்து உட்கார்ந்தாள். புது அடையாள அட்டைக்காக நேற்று எடுத்த படம் திரையில் இருந்தது.

"கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கே. அதை மட்டும் எடுத்துடுங்களேன்" என்றாள் டீச்சர்.

அண்ணி சுவரைக் காட்டினாள். சிட்டு தன் கையாலேயே எழுதி மாட்டிய பலகை அது: 'அடையாள அட்டைப் படங்களில் எந்தத் திருத்தமும் செய்யப்பட மாட்டாது.' இந்தக் கடையில் இருக்கிற ஒரே சட்டம். இதை மீறியதற்காகப் போன வருஷம் வேலைக்கு இருந்த ஒரு பையனைச் சிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினாள்.

"கல்யாணப் படம்னா கேளுங்க, தேவதையாக்கிடறேன். அட்டைப் படத்துல கை வைக்கக் கூடாது டீச்சர்" என்றாள் அண்ணி.

சொல்லும்போதே அவளுக்குக் காது சுட்டது. ஏனென்றால் போன வாரம் அவள் கை வைத்திருந்தாள். வெளியாள் படத்தில் இல்லை, சொந்தப் புருஷன் படத்தில்.

லிஃப்ட்காரருக்குப் பதவி உயர்வு. ஊருக்குள் புதிதாக எழும்பியிருக்கும் உயரமான அலுவலகக் கட்டடத்தில் இனி அவர்தான் தலைமை மெக்கானிக். அங்கே வாசலில் சாவியும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. முகத்தைப் பார்த்துத் திறக்கிற கதவு. அதற்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். சிட்டு எடுத்தாள், அளவு பார்த்து வெட்டி அனுப்புகிற வேலையை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். லிஃப்ட்காரர் மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். அவருடைய மூக்கு பாதி வழி நேராக வந்து, பிறகு மனம் மாறிப் பக்கவாட்டில் போகிற மூக்கு.

"மூக்குதான் வழி தவறிப் போயிருக்கு. பரவால்ல, ஸ்பேனர் பிடிக்க மூக்கு எதுக்கு" என்று சிரித்தார்.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவருடைய எந்தச் சிரிப்பு சிரிப்பு, எது சிரிப்பு இல்லை என்று தெரியாதா? அவர் போன பிறகு அண்ணி மூக்கை லேசாக நேராக்கினாள். நேரான மூக்குக்கு அந்த நெற்றிக் கோடு பொருந்தவில்லை, அதையும் எடுத்தாள். கோடு போன நெற்றிக்கு அந்தக் கன்னம் பொருந்தவில்லை. இப்படியே போய், மூக்கும் முழியுமாக ஒருவர் திரையில் உட்கார்ந்திருந்தார். அதே பெயரில் சேவ் செய்து, அனுப்பிவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.

பாட்டு டீச்சர் மனத்தாங்கலோடு எழுந்து போன கையோடு ஃபோன் அடித்தது. லிஃப்ட்காரர்.

"ஏம்மா, ஒரு சின்ன சந்தேகம்."

"சொல்லுங்க."

"என் படத்துல நீ எதாவது செஞ்சியா?"

"லேசா."

"லேசான்னா?"

"லேசான்னா, லேசாத்தாங்க."

"கதவு என்னை உள்ள விட மாட்டேங்குது."

பின்னணியில் ஒரு பெண் குரல், தேன் ஒழுக ஒழுக, 'மன்னிக்கவும், உங்கள் முகம் எங்கள் பதிவில் இல்லை' என்றது. அதற்கு மேல் இன்னொரு குரல், வாசல் காவலாளியுடையது: "சார், கொஞ்சம் சிரிச்சுப் பாருங்க. நேத்து ஒருத்தருக்குச் சிரிச்சதும் திறந்துச்சு."

"நானும் எல்லா விதமாவும் சிரிச்சுப் பாத்துட்டேன்" என்றார் லிஃப்ட்காரர். "இந்தத் தம்பி பதிவுல இருக்கற என் படத்தை எடுத்துப் பாத்துட்டு, 'இவரு உங்க சின்னத் தம்பியா சார்'ங்கறாரு. முகம் சேராத ஆளை உள்ள விட்டா இவரு வேலை போயிடும். மேல எல்லா லிஃப்டும் நிறுத்தி வச்சிருக்கு. மெஷின் ரூம் சாவி என் பையில. மேனேஜர் படியேறித்தான் மேல போயிருக்காரு. அவரைத் திரும்ப இறங்கி வரச் சொன்னா வருவாரு. வந்தா என்ன சொல்லுவாருன்னுதான் யோசிக்கறேன்."

முதல் நாள், தலைமை மெக்கானிக், வாசலில். அண்ணிக்கு அழுகை முட்டியது. "ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க. அசல் படத்தை அனுப்பிடறேன்."

"அவசரமில்ல, நான் எங்க போகப் போறேன்" என்றார் அவர். அவர் சுபாவம் அது. கோபப்பட்டிருந்தால் அண்ணிக்கு இதைவிடத் தேவலையாக இருந்திருக்கும்.

அசல் படம் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. கேமரா கார்டைச் சிட்டு அன்றன்றைக்கே துடைத்துவிடுவாள். கம்ப்யூட்டரில் இருப்பது ஐசிங் தடவிய புருஷன் மட்டும். அண்ணி பின்னால் போகிற பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். போன வாரம் மூடிய படம், அது எப்படிப் பின்னால் போகும்?

அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பதற்றத்தில் வருகிற யோசனை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அது. நேராக்கத் தெரிந்த கைக்குத் திரும்ப வளைக்கத் தெரியாதா?

கருவியை எடுத்து மூக்கை மெல்லத் தள்ளினாள். முதல் தடவை மூக்கு நடுவில் உடைந்து வெளியே வந்தது. இரண்டாவது தடவை வளைவு அழகாக வந்தது, ஆனால் எந்தப் பக்கம்? கண்ணை மூடி யோசித்தாள். கட்டிலில் அவள் படுப்பது அவருக்கு இடது பக்கம். அங்கிருந்து பார்த்தால் மூக்கு அந்தப் பக்கம் போகும். அவருக்கு அந்தப் பக்கம் என்றால் படத்தில் எந்தப் பக்கம்? படுத்திருப்பவரை நிமிர்த்தி, தன்னை எழுப்பி எதிரில் நிறுத்திப் பார்த்தாள். குழம்பிப்போய் மூக்கை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தாள். நாள் முழுக்கப் பார்க்கிற முகம். பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணி, அது யாரு?"

வாசலை அடைத்துக்கொண்டு சிட்டு நின்றிருந்தாள். தோளில் கேமரா, கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தண்ணீர் பாட்டில்.

"உங்கண்ணன்."

"நம்ம அண்ணனா? குத்துச்சண்டைக்கு எப்பப் போனான்?"

அண்ணி கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். மழுப்பலாம், படம் கெட்டுப்போய்விட்டது என்று கதை விடலாம். அவளுக்கு அது வரவில்லை. நேராக்கியதிலிருந்து கதவு மறுத்தது வரை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அவளாகவே பலகையைப் பார்த்தாள். சிட்டுவும் பலகையைப் பார்த்தாள். நாற்காலி போய்விட்டது என்று அண்ணி அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள்.

சிட்டு கத்தவில்லை. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நேராக்கினதைக் காட்டுங்க."

அண்ணி திறந்து காட்டினாள். சிட்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கடை முழுக்கக் கேட்கிற குரல் உள்ளவள், இப்போது பேசியது அண்ணிக்கே பாதிதான் கேட்டது.

"இப்படித்தான் இருந்திருப்பான், இல்ல?"

"சிட்டு?"

"வளைவு நீங்க வச்ச இடத்துல இல்ல அண்ணி. இன்னும் மேல. நடுவுல, எலும்பு முடியற இடத்துல ஒரு சின்ன முடிச்சு இருக்கும். அங்கிருந்து இந்தப் பக்கமா சாயும்." விரலால் திரையைத் தொடாமல் காட்டினாள்.

"உனக்கு எப்படி இவ்வளவு சரியாத் தெரியும்?"

"உடைச்சது நான்தானே."

அண்ணிக்குத் தெரிந்த கதை வேறு. மாடிப்படியில் கால் தடுக்கி விழுந்தார் என்பதுதான் கதை. கல்யாணமான புதிதில் அவர் சொன்னது. அதை நம்பி, வாடகை வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் படி செங்குத்தாக இருந்தால் வேண்டாம் என்று திரும்பி வந்தவள் அவள்.

"பூங்காவுல மர ஊஞ்சல்" என்றாள் சிட்டு. "எனக்கு வேணும்னு அழுதேன். அவன் இறங்கிக் கொடுத்தான். இறங்கினவன் நகர்றதுக்குள்ள வெறும் பலகையைப் பிடிச்சுத் தள்ளிவிட்டேன். எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்க ஆசை. போயிட்டு வந்த பலகை நேரா அவன் மூக்குல. சட்டையெல்லாம் ரத்தம். நான் அவனைவிட ஜாஸ்தி அழுதேன். வீட்டுக்கு வர்ற வழியில அவனே சொன்னான், படியில விழுந்தேன்னு சொல்லிடலாம் சிட்டு, நீ அழாதன்னு. அப்பா அம்மாகிட்ட அதைத்தான் சொன்னான். உங்ககிட்டயாவது நிஜத்தைச் சொல்லியிருப்பான்னு நினைச்சேன்."

"படின்னுதான் சொன்னாரு."

"சொல்லுவான். ரெண்டு பேரும் இதைப் பத்தி அப்புறம் பேசினதே இல்ல." சிட்டு மூக்கை உறிஞ்சினாள். "நான் அவனை எத்தனை படம் எடுத்திருக்கேன். எல்லாத்துலயும் முகத்தைக் கொஞ்சம் திருப்பி நிப்பான். எல்லாரையும் நேரா பாருங்கன்னு அதட்டறவ, அவனை மட்டும் அதட்டினதில்ல. அட்டைப் படத்துக்குக்கூட ஒரு தடவை க்ளிக் பண்ணிட்டு ஓடிட்டேன்."

மறுபடி ஃபோன் அடித்தது. அந்தச் சத்தத்தில் சிட்டு பழைய சிட்டுவானாள். எழுந்து கேமராவை மாட்டினாள்.

"வரைஞ்ச மூக்கெல்லாம் வேண்டாம். நிஜ மூக்கு வாசல்ல வெயில்ல நிக்குது. அந்த வெள்ளைத் துணியை எடுங்க. லேப்டாப்பையும் எடுங்க."

ஸ்கூட்டரில் சிட்டு ஓட்ட, பின்னால் அண்ணி, மடியில் லேப்டாப், கக்கத்தில் சுருட்டிய துணி. துணியின் முனை காற்றில் பிரிந்து பின்னால் வந்த பால் வண்டிக்காரரின் முகத்தைத் துடைத்துவிட்டது. சிக்னலில் அவர் பக்கத்தில் வந்து முறைத்தார். "தொழில் விஷயமா போறோம்" என்றாள் அண்ணி. அவருக்கு அது போதுமானதாக இருக்கவில்லை.

லிஃப்ட்காரர் புதுச் சீருடையில், கருவிப் பையை அணைத்துக்கொண்டு, காவலாளி கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவியையும் தங்கையையும் சேர்ந்தாற்போலப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஒரு படத்தை அனுப்பச் சொன்னா கடையையே கொண்டு வந்துட்டீங்களே."

துணியின் ஒரு முனையைக் காவலாளி பிடித்தார். மறு முனையைப் பிடிக்க ஆளில்லாமல், பார்சல் கொடுக்க வந்த ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். நடுவில் லிஃப்ட்காரர் நின்று, வழக்கம்போல முகத்தை ஒரு மயிரிழை திருப்பிக்கொண்டார்.

சிட்டு கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள்.

"நேரா பாரு அண்ணா."

அவர் தங்கையைப் பார்த்தார். அண்ணி அந்தப் பார்வையைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒன்று அந்த வாசலில் சத்தம் போடாமல் இறங்கிப் போனது. அவர் முகத்தைத் திருப்பினார், நேராக. சிட்டு எடுத்தாள். ஒன்றுக்கு மூன்றாக எடுத்தாள்.

பார்சல் பெண்ணுக்குக் கை வலித்தது. "முடிஞ்சுதாங்க?" என்றாள். முடிந்தது.

காவலாளியின் மேஜை ஓரத்தில் லேப்டாப்பை வைத்து அண்ணி படத்தைத் திறந்தாள். முதலில் ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்தாள். சிட்டு பின்னால் நின்று அதைக் கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நெற்றிக் கோடு தெரிந்தது. வெயிலில் நின்றதால் கூடுதலாகவே தெரிந்தது. அண்ணியின் விரல் அரித்தது. அளவு பார்த்து வெட்டினாள், வேறெதையும் தொடாமல் அனுப்பினாள்.

காவலாளி பதிவை மாற்றினார். லிஃப்ட்காரர் கதவுக் கேமரா முன்னால் போய் நின்றார். ஒரு நொடி. இரண்டு நொடி. பச்சை விளக்கு எரிந்தது. 'வணக்கம், உள்ளே வாருங்கள்' என்றது தேன் குரல்.

"இவ்வளவு நேரம் எங்கம்மா இருந்தே" என்று காவலாளி கதவைக் கேட்டார்.

உள்ளே காலை வைத்த லிஃப்ட்காரர் நின்று திரும்பினார். "அந்தப் படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மனைவியிடம். "கதவுக்குத்தான் ரசனை இல்ல."

அண்ணிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னங்க, நிஜமாவே படியிலதான் விழுந்தீங்களா?"

அவர் தங்கையை ஒரு தடவை பார்த்தார். தங்கை எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"படிதாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் அந்தப் பெண் வருவதற்கு முன்பே அண்ணி மேஜையைக் காலி செய்யத் தொடங்கினாள். மூக்குக் கண்ணாடி, தேநீர்க் கோப்பை, முதுகுக்கு வைத்துக்கொள்கிற சின்னத் தலையணை. யாரும் சொல்லும் முன்பே எழுந்துவிடுவது மரியாதை என்று நினைத்தாள். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நாற்காலி கைப்பிடியை ஒரு தடவை தடவிவிட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் சிட்டு.

"சட்டம்னா சட்டம்தானே சிட்டு. அந்தப் பையனை அனுப்பினே. என்னை மட்டும் வச்சுக்கிட்டா அது நியாயமில்ல."

"அந்தப் பையன் என்ன செஞ்சான் தெரியுமா? கேட்டதுக்கு மூணு தடவை இல்லைன்னான். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கொட்டிட்டீங்க." சிட்டு பலகையைப் பார்த்தாள். "ஆனா தண்டனை உண்டு. இனிமே அட்டைப் படத்துப் பக்கம் நீங்க மூக்கை நீட்டக் கூடாது. அது அந்தப் புதுப் பொண்ணு பாக்கட்டும். அவளுக்கு வாசல் பக்கத்துக் கவுன்ட்டர்ல லேப்டாப்பும் ஸ்டூலும் போதும். பழைய படம் முழுக்க உங்க பொறுப்பு. தலையணையை வைங்க."

அண்ணி தலையணையை வைத்தாள். அப்புறம் அதில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். சிட்டு அதைப் பார்க்காதது போலத் தண்ணீர் பாட்டிலை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

"அழுதது போதும். வேலை இருக்கு." சிட்டு குனிந்து, கம்ப்யூட்டரில் அண்ணி இதுவரை பார்க்காத ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். ஒரே ஒரு படம். "நானே ஸ்கேன் பண்ணினது. எத்தனையோ தடவை திறந்திருக்கேன், அப்படியே மூடிடுவேன். என்னால முடியல."

பூங்கா. ஊஞ்சல் கம்பி. முன்னால் இரண்டு குழந்தைகள். பெண் குழந்தை பல்லைக் காட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இப்போதும் கடையில் இருக்கிறது. பக்கத்தில் பையன், கேமராவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றான். எப்போதோ தண்ணீர் பட்டு ஊறியதில் ஒரு கறை மேலிருந்து இறங்கி, அவன் முகத்தின் நடுவை, சரியாக மூக்கு இருக்கும் இடத்தை, தின்றுவிட்டிருந்தது.

"ஊஞ்சலுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி எடுத்தது. அப்பா எடுத்தாரு" என்றாள் சிட்டு. "இதுல அவன் மூக்கு நேராத்தான் இருந்துச்சு அண்ணி. இதுல மட்டும் நேரா வச்சா, அது பொய் இல்ல."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியை மாட்டினாள். முதலில் நகல். பிறகு புது லேயர். கறையின் ஓரத்திலிருந்து தொடங்கி, கன்னத்தை, உதட்டின் மேல் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டு வந்தாள். மூக்கு வரும் இடத்தில் கை நின்றது. சின்ன வயது மூக்கு எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பது? அவளாக ஒன்றை வரைந்தால், அது மறுபடி கேக்தான்.

அவள் சிட்டுவைப் பார்த்தாள். பிறகு படத்தில் இருக்கிற சிட்டுவைப் பார்த்தாள். குட்டி மூக்கு, நுனியில் ஒரு சின்ன உருண்டை. ஒரே வீட்டு மூக்கு. கறை அதைத் தொடவில்லை.

"சிட்டு, உன் மூக்கைக் கொஞ்சம் கடன் கொடு" என்றாள்.

தங்கையின் மூக்கை அளவாக எடுத்து, கொஞ்சம் பெரிதாக்கி, வெளிச்சம் விழும் பக்கத்தைச் சரி பார்த்து, அண்ணன் முகத்தில் வைத்தாள். ஓரங்களை மெல்லக் கரைத்தாள். துளையைத் துளையாகவே விட்டாள். பையன் வந்துவிட்டான். நேராகப் பார்த்துக்கொண்டு, எதையும் மறைக்காமல்.

சிட்டு படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தாள். பிறகு, "சரியா உக்காந்துடுச்சு" என்றாள். அந்தக் கடையில் அண்ணிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

மீதிக் கறையையும் முடித்துவிடலாம் என்று அண்ணி படத்தின் அடிப் பகுதிக்கு இறங்கினாள். அங்கே ஒரே இருட்டாக இருந்தது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாள். தரையில், குழந்தைகளின் காலடி வரை, ஒரு நிழல் நீண்டு கிடந்தது. படம் எடுத்தவரின் நிழல். கேமராவைத் தூக்கிப் பிடித்த இரண்டு முழங்கைகள். தோளுக்குக் கீழே, பக்கவாட்டில் தொங்குகிற நீளமான ஒற்றைப் பின்னல்.

"சிட்டு, இதை எடுத்தது உங்கப்பாதானே?"

"ஆமா. ஏன்?"

அண்ணி நகர்ந்து இடம் கொடுத்தாள். சிட்டு குனிந்து பார்த்தாள். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அம்மாவா இருக்குமோ?" என்றாள் அண்ணி.

"அம்மாவுக்கு என்னைக்குமே கழுத்தளவு முடிதான்."

இரண்டு பேரும் அந்தப் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அந்தப் புதுப் பெண் வந்து நின்று, "வணக்கம் மேடம்" என்றதுகூட அவர்கள் காதில் விழவில்லை.

"உங்கண்ணன் அப்போ கொஞ்சம் பெரியவரு. அவருக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கேக்கறேன்" என்றாள் அண்ணி.

"கேளுங்க" என்றாள் சிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "படியில விழுந்தேன்னு சொல்லுவான்."